வரியும் நிவாரணமும்: சனசமூக நிலையத்து மேசையில் அடிக்கடி கேட்ட கேள்விகள்

கிழமை நாட்களில் யாழ்ப்பாணத்தில், சுன்னாகம் பக்கம் நான்கைந்து கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். சனிக்கிழமை காலையில் எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்தில் இருந்து, இலங்கை அரசு வறிய குடும்பங்களுக்குத் தருகிற அஸ்வெசுமக் கொடுப்பனவுக்கு மேன்முறையீடு செய்ய வருபவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கிறேன். இரண்டு வேலைக்கும் ஒரே பேனைதான். கிழமை முழுக்க "வரியைக் கொஞ்சம் குறைக்க வழி இருக்கோ தம்பி" என்று கேட்கிறவர்களில் சிலர், சனிக்கிழமை பேப்பர் வாசிக்க வந்து, படிவத்தோடு நிற்கிற பெண்களைப் பார்த்து "சும்மா வாற காசுக்கு வரிசை" என்று சிரிப்பார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை, கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதியிருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. நான் சட்டத்தரணி இல்லை, கணக்குப்பிள்ளை.

வரி ஏய்ப்பு, வரி தவிர்ப்பு எண்டு ரெண்டு சொல்லுறியள். ரெண்டும் ஒண்டுதானே?

இல்லை. கடையில் பத்து இலட்சத்துக்கு வியாபாரம் நடந்திருக்க, ஆறு இலட்சம் என்று எழுதிக் கொடுத்தால் அது ஏய்ப்பு. பொய், குற்றம், பிடிபட்டால் தண்டம். தவிர்ப்பில் பொய் இருக்காது. பத்து இலட்சமும் கணக்கில் இருக்கும். ஆனால் இலாபம் வரி குறைந்த இடத்தில் போய் விழும்படி கம்பனியைக் கட்டியிருப்பார்கள். சட்டத்தின் எழுத்து பிசகாது. சட்டம் எதற்காக வந்ததோ அது மட்டும் நடக்காது.

மூன்றாவது ஒன்றும் உண்டு. 2025 ஏப்ரலில் இருந்து வருடத்துக்கு 18 இலட்சம் ரூபா வரை தனிநபர் வருமானத்துக்கு வரி விலக்கு. அதைப் பயன்படுத்துவதற்குத் தவிர்ப்பு என்று பெயர் இல்லை. சட்டம் தானே கையில் தந்ததை வாங்குவது அது. இந்த மூன்றையும் குழப்பினால் மிச்சப் பதில்கள் எல்லாம் குழம்பும்.

அஸ்வெசும எண்டா எவ்வளவு காசு? ஆருக்குக் குடுக்கினம்?

சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு 2023 யூலையில் வந்தது. நான்கு படி: ஆரம்பத்தில் மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபா. 2025 ஜனவரியில் கடைசி இரண்டும் 10,000 ஆகவும் 17,500 ஆகவும் கூடின. முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளிகளுக்கு வேறு கொடுப்பனவு. ஒரு குடும்பம் எந்தப் படியில் நிற்கிறது என்பதை 22 அளவுகோல்களை வைத்துப் புள்ளி போட்டுத் தீர்மானிக்கிறார்கள். வீடு, காணி, வாகனம், படிப்பு, நோய், கரண்ட் பாவனை எல்லாம் அதற்குள் வரும்.

முன்பு உணவு முத்திரை, பிறகு ஜனசவிய, பிறகு சமுர்த்தி என்று பெயர் மாறி மாறி வந்தாலும் எங்கள் ஊரில் இன்னும் "நிவாரணம்" என்றுதான் சொல்கிறார்கள். இடம்பெயர்ந்த காலத்தில் எல்லோரும் வாங்கிய சொல் அது. அப்போது யாரும் அதை இளக்காரமாகச் சொன்னதாக எனக்கு நினைவில்லை.

நான் கட்டுற வரியிலதானே அவைக்குக் குடுக்கினம்? அவை ஒரு சதமெண்டாலும் கட்டினமே?

கட்டுகிறார்கள். பெறுமதி சேர் வரி, அதாவது வற், 2024 ஜனவரியில் இருந்து 18 சதவீதம். சவர்க்காரம், பற்பசை, போன் கார்ட், சமையல் எரிவாயு எல்லாவற்றிலும் அது விலைக்குள்ளேயே இருக்கிறது. 5,000 ரூபா நிவாரணத்தை முழுக்க வற் உள்ள சாமான்களுக்குச் செலவழித்தால் அதில் 763 ரூபா திரும்ப அரசுக்கே போய்விடும். அரிசி, மரக்கறி போன்றவற்றுக்கு வற் இல்லை என்பதால் உண்மையில் அவ்வளவு போகாது. ஆனால் ஒரு சதமும் கட்டாதவர் என்று இந்த நாட்டில் யாரும் இல்லை.

இதைக் கேட்பவரிடம் நான் மெல்லத் திருப்பிக் கேட்பது: உங்களுக்கு வருமான வரிக் கோப்பு இருக்கிறதா? அநேகமாக இருக்காது. மாதம் ஒன்றரை இலட்சத்துக்குக் கீழே சம்பளம் என்றால் வருமான வரி வராது. அதாவது கேட்டவரும் படிவத்தோடு நிற்கிற அந்தப் பெண்ணும் பெரும்பாலும் ஒரே வரியைத்தான், ஒரே கடையில்தான் கட்டுகிறார்கள்.

உழைக்கப் பஞ்சிப்பட்டவைக்குத்தானே உந்தக் காசு?

ஒரு ஆளுக்கு மாதம் குறைந்தபட்சம் இவ்வளவு வேண்டும் என்று தொகைமதிப்புத் திணைக்களம் வறுமைக் கோட்டைக் கணக்கிடுகிறது. 2025 தொடக்கத்தில் அது 16,000 ரூபாவுக்கு மேல். மூன்றாவது படியில் ஒரு முழுக் குடும்பத்துக்குக் கிடைப்பது 10,000. ஒரு ஆளுக்கே காணாத காசு. அதை நம்பி நாலு பேர் கால்நீட்டிப் படுக்க முடியுமா என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

என் மேசைக்கு வருபவர்களைச் சொல்கிறேன். வெங்காயத் தோட்டத்தில் நாள்கூலிக்குப் போகிறவர். மாரியில் தோட்டத்துக்குள் வெள்ளம் நின்றால் கூலி இல்லை. வாடைக்காற்றில் கடலுக்குப் போகமுடியாத தொழிலாளியின் மனைவி. கணவன் போரில் காணாமல் போய், இறப்புச் சான்றிதழும் வாங்க மனமில்லாமல், அதனால் படிவத்தில் எந்தக் கட்டத்துக்குள்ளும் வராமல் நிற்கிற அக்கா. இவர்கள் எல்லோரும் உழைக்கிறார்கள். உழைப்பு வருடம் முழுக்க இல்லை, அல்லது உழைப்புக்குப் போனால் வீட்டில் படுக்கையில் இருப்பவரைப் பார்க்க ஆள் இல்லை.

பஞ்சிப்பட்ட மனிதர் ஒருவரும் எனக்குத் தெரியும். மத்தியானம் வரை ஆலமரத்தடிதான். அவரைக் காட்டித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். அவருக்கு அஸ்வெசும இல்லை. தகப்பன் கட்டிய கல்வீடு புள்ளியைக் கெடுத்துவிட்டது.

கம்பனி பொய் சொல்லாமல் எப்பிடி வரியைக் குறைக்கும்? கணக்கு கணக்குத்தானே?

ஒரு கற்பனைக் கம்பனியை எடுப்போம். தீவுப் பக்கம் நண்டு வாங்கி, சுத்தம் செய்து, பெட்டியில் அடைத்து ஏற்றுமதி செய்கிறது. ஒரு கிலோவுக்குச் செலவு 3,000 ரூபா. ஐரோப்பாவில் வாங்குகிறவர் 5,000 தருவார். 2,000 இலாபம், கம்பனி வரியின் பொது வீதம் 30 சதவீதம், ஆக 600 ரூபா வரி. இப்போது அதே முதலாளி கேமன் தீவில் இன்னொரு கம்பனியைப் பதிகிறார். அங்கே கம்பனி வரி கிடையாது. இங்குள்ள கம்பனி நண்டை அந்தக் கம்பனிக்கு 3,200க்கு விற்கிறது. அந்தக் கம்பனி ஐரோப்பாவுக்கு 5,000க்கு விற்கிறது. இங்கே இலாபம் 200, வரி 60. மிச்சம் 1,800 ரூபா வரியில்லாத தீவில். நண்டு அந்தத் தீவைக் கண்டதே இல்லை. கொழும்பில் இருந்து நேராக ஐரோப்பாவுக்குப் போனது. தீவுக்குப் போனது பில் மட்டும்.

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் இதைத் தடுக்கப் பார்க்கிறது. சொந்தக் கம்பனிகளுக்கு இடையில் விற்றாலும், முன்பின் தெரியாதவருக்கு விற்கிற விலையில்தான் கணக்குக் காட்ட வேண்டும். நண்டுக்குச் சந்தை விலை உண்டு, ஆகவே பிடிக்கலாம். ஆனால் "எங்கள் பெயரைப் பாவிப்பதற்குக் கட்டணம்", "தலைமையகத்தின் ஆலோசனைக் கட்டணம்", "தாய்க் கம்பனி தந்த கடனுக்கு வட்டி" என்று அனுப்பினால்? ஒரு பெயருக்கு எந்தச் சந்தையில் விலை கேட்பது? வரி உத்தியோகத்தர் ஒருவர், எதிர்ப்பக்கம் நாலு கணக்காளரும் இரண்டு சட்டத்தரணியும். அங்கேதான் காசு நழுவுகிறது.

முதலீட்டுச் சபைக்குள்ள வந்த கம்பனியளுக்கு வரியே இல்லையாமே. அதுவும் களவோ?

களவு இல்லை, அரசே கொடுத்தது. முதலீட்டாளரை அழைத்துச் சலுகை கொடுக்கிற அரச சபைதான் அது. 1978இல் சுதந்திர வர்த்தக வலயங்கள் தொடங்கிய நாளில் இருந்து, 'வாருங்கள், இத்தனை வருடம் வரி வேண்டாம்' என்று அழைப்பது வழக்கம். 2008ஆம் ஆண்டு மூலோபாய அபிவிருத்திக் கருத்திட்டச் சட்டம் 25 வருடம் வரை விலக்கு அளிக்க இடம் கொடுத்தது. 2021ஆம் ஆண்டு கொழும்புத் துறைமுக நகரச் சட்டம் அதை 40 வருடம் வரை நீட்டியது.

மிக வறிய குடும்பம் என்று புள்ளி போட்டு எடுத்தவர்களுக்கு அஸ்வெசும மூன்று வருடம் என்றுதான் தொடங்கியது. அதற்குள் நீங்கள் நிமிர்ந்துவிட வேண்டும். கம்பனி நிமிர 40 வருடம் தேவைப்படலாம் என்று அதே அரசு நினைத்திருக்கிறது. இரண்டுமே பொதுக் காசில் இருந்து போகிற உதவி. ஒன்றுக்கு நலன்புரி என்று பெயர், மற்றதற்கு ஊக்குவிப்பு.

சட்டம் விட்டால் கம்பனி செய்யும்தானே. கெட்டிக்காரன் பிழைக்கிறான், அதில என்ன பிழை?

இதை நான் கேட்ட அளவுக்கு வேறு எதையும் கேட்டதில்லை. ஒரு உதாரணம் சொல்கிறேன். கல்யாணம் கட்டிய மகன் தாயோடு ஒரே வளவில் இருக்கிறான். தாய்க்கு நிவாரணம் வரட்டும் என்று கொட்டிலுக்குள் வேறு அடுப்பு வைத்து, வேறு குடும்பமாகப் பதிகிறார்கள். ஊரில் இதற்குப் பெயர் "அடுப்புப் பிரிச்சுக் களவு". இனி என் கணக்குப் புத்தகத்துக்கு வாருங்கள். வருடத்துக்கு 6 கோடி ரூபா புரள்கிற வியாபாரம் வற் வரிக்குப் பதிய வேண்டும் என்பது 2024இல் வந்த எல்லை. ஒரு கடை அந்த எல்லையை நெருங்கியதும் பாதியை மனைவி பெயரில் வேறு வியாபாரமாகப் பிரிக்கிறார்கள். நடுவில் ஒரு பலகைச் சுவர். ஊரில் இதற்குப் பெயர் "மூளை". இரண்டும் அடுப்புப் பிரிப்பதுதான். ஒன்றில் மாதம் சில ஆயிரம், மற்றதில் வருடம் பல இலட்சம்.

கெட்டிக்காரத்தனம் என்ற இந்த நியாயத்துக்கும் பழைய வேர் இருக்கிறது. பிரித்தானியாவில் வெஸ்ட்மின்ஸ்டர் கோமகன் தன் தோட்டக்காரனுக்குச் சம்பளத்துக்குப் பதிலாக உறுதி எழுதி ஆண்டுக் கொடுப்பனவாகக் கொடுத்தார். சம்பளத்துக்கு வரிக் கழிவு இல்லை, அதற்கு உண்டு. 1935இல் வழக்கு அவர் பக்கம் தீர்ந்தது: தன் காரியங்களை வரி குறையும்படி ஒழுங்குசெய்ய யாருக்கும் உரிமை உண்டு என்று. அந்த உரிமை தோட்டக்காரனுக்கும் இருந்தது, ஒழுங்குசெய்ய அவனிடம் காரியம்தான் இல்லை. பிற்காலத்தில் அங்கும் இங்கும் சட்டங்கள் மாறின. வரியைக் குறைப்பதைத் தவிர வேறு நோக்கம் இல்லாத போலி ஏற்பாட்டைப் புறந்தள்ளும் அதிகாரம் இப்போது நம் இறைவரி ஆணையாளர் நாயகத்துக்கும் உண்டு. ஆக, 'சட்டம் விட்டது' என்பதையே முழுப் பதிலாக இனிமேல் சட்டமும் ஏற்காது.

பொய் சொல்லி அஸ்வெசும எடுக்கிறவை இல்லையோ? எங்கட ஒழுங்கையிலயே அண்ணன்காரன் கனடாவில, இஞ்ச தங்கச்சிக்கு நிவாரணம்!

இருக்கிறார்கள். மறைக்க மாட்டேன். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம் கைமாறி, வருகிற காசு எந்த வங்கிக் கணக்கிலும் தெரியாது. படிவத்தில் அதை எழுதாமல் விட்டால் என் பேனையாலும் கண்டுபிடிக்க முடியாது. தெரிந்துகொண்டு எழுதச் சொன்னால் நான் எழுதுவதில்லை. இரண்டு பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன், ஒருவர் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை.

ஆனால் "அண்ணன் கனடாவில" என்பது ஒரு வருமானம் இல்லை. வருடத்துக்கு ஒருமுறை திருவிழாவுக்கு அனுப்புகிற அண்ணன் உண்டு, பத்து வருடமாகக் கதையே இல்லாத அண்ணனும் உண்டு. யாழ்ப்பாணத்தில் இந்தக் கணக்கு மற்ற மாவட்டங்களை விடக் கஷ்டம். வெளிநாட்டுக் காசில் இருபது வருடத்துக்கு முன் கட்டிய மாபிள் போட்ட வீட்டுக்குள், குளிசைக்குக் காசில்லாத தாய் தனியே இருப்பாள். வீட்டைப் பார்த்தால் பணக்காரி, சமையல் பானையைப் பார்த்தால் ஏழை. புள்ளி வீட்டுக்குத்தான் விழுகிறது. உண்மையிலேயே தகுதியில்லாதவர் என்று உங்களுக்குத் தெரிந்தால் பிரதேச செயலகத்தில் ஆட்சேபனை கொடுக்க வழி இருக்கிறது. ஒழுங்கை முடக்கில் நின்று கதைப்பதை விட அது மேல்.

அப்ப தகுதி இருந்தும் கிடைக்காதவை?

2023இல் முதல் பட்டியல் வந்தபோது நாடு முழுக்க மேன்முறையீடுகள் இலட்சக்கணக்கில் குவிந்தன. 'இவருக்குக் கொடுத்தது பிழை' என்ற ஆட்சேபனைகள் ஆயிரங்களோடு நின்றன. மேன்முறையீடு செய்த எல்லோரும் தகுதியானவர்கள் என்று சொல்லவில்லை. ஆனாலும் பேச்சில் நாம் கேட்பது முழுக்கத் தகுதியில்லாமல் எடுத்தவர் கதை. விடுபட்டவர் தன் கதையைத் தேத்தண்ணிக் கடையில் சொல்லமாட்டார்.

எது பெரிய தொகை எண்டு சொல்லுங்கோ. நிவாரணக் களவோ, வரியில போறதோ?

சீனிக் கதையைச் சொல்கிறேன். 2020 ஒக்டோபரில் இறக்குமதிச் சீனிக்குக் கிலோவுக்கு 50 ரூபாவாக இருந்த விசேட பண்ட வரி ஒரே இரவில் 25 சதமாக, அதாவது கால் ரூபாவாக, இறங்கியது. கடையில் சீனி விலை அந்த அளவுக்கு இறங்கவில்லை. அரசுக்கு நட்டம் 1,500 கோடி ரூபாவுக்கு மேல் என்று பிறகு கணக்கிட்டார்கள். குடும்பத்துக்கு மாதம் 10,000 என்று வைத்தால் அது ஒன்றேகால் இலட்சம் குடும்பங்களுக்கு ஒரு வருட நிவாரணம். கொண்டுவந்தவர்கள் சட்டப்படிதான் கொண்டுவந்தார்கள். கட்டவேண்டிய 25 சதத்தைக் கட்டினார்கள்.

அதற்கு முந்தியது இன்னும் பெரிது. 2019 முடிவில் வற் வரி 15இல் இருந்து 8 ஆனது. கம்பனி வரியும் 28இல் இருந்து 24 ஆகியது. நாட்டின் மொத்த உற்பத்தியில் வரி வருமானம் 11 சதவீதத்துக்கு மேல் இருந்தது, 2022இல் 8க்கும் கீழே போனது. இது தவிர்ப்பும் இல்லை, ஏய்ப்பும் இல்லை, அரசின் முடிவு. ஆனால் 2022 ஏப்ரலில் வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று நாடு கைவிரித்ததற்கு அதுவும் ஒரு காரணம். அதற்குப் பிறகு ஓட்டையை அடைத்தது யார்? 8இல் நின்ற வற்றை 18 ஆக்கினார்கள், அதை எல்லோரும் கட்டுகிறோம். 2023இல் உள்நாட்டுக் கடனை மறுசீரமைத்தபோது வர்த்தக வங்கிகளை விட்டுவிட்டு, ஊழியர் சேமலாப நிதியைக் குறைந்த வட்டிப் பத்திரத்துக்கு மாறச் சொன்னார்கள். மாறாவிட்டால் அதன் வருமானத்துக்கு 14 சதவீதத்துக்குப் பதில் 30 சதவீத வரி. ஆடைத் தொழிற்சாலைப் பிள்ளையின் இளைப்பாறுகைக் காசு அது. இதைப் பற்றி என் மேசையில் ஒரு கேள்விகூட வரவில்லை.

லண்டனில மாமா சொல்லுறார், அங்கயும் பெனிபிட் எடுக்கிறவையாலதான் நாடு கெட்டுப்போச்சாம். உண்மையோ?

அங்கே கணக்கு வெளியே வருகிறது என்பதால் பார்க்கலாம். 2023-24இல் மோசடியாலும் பிழையாலும் கூடுதலாகக் கொடுபட்ட உதவிப்பணம் ஏறத்தாழ 970 கோடி பவுண், மொத்தத்தில் 3.7 சதவீதம். அதில் ஒரு பகுதி திணைக்களத்தின் சொந்தப் பிழை. வரிப் பக்கம், 2022-23இல் வரவேண்டி வராமல் போனது ஏறத்தாழ 4,000 கோடி பவுண் என்று அவர்களின் வரித் திணைக்களம் அப்போது மதிப்பிட்டது. நான்கு மடங்கு.

மாமாவுக்கு இதைச் சொல்லும்போது மற்றப் பாதியையும் சொல்லுங்கள். அந்த 4,000 கோடியில் பாதிக்கு மேல் சிறு வியாபாரங்களிடம் இருந்து வராதது, பெரிய கம்பனிகளிடம் இருந்து அல்ல. அந்தச் சிறு வியாபாரங்களில் நம் ஆட்களின் கடைகளும் உண்டு என்பது மாமாவுக்கே தெரியும். பெரிய கம்பனி சட்டப்படி இலாபத்தை வெளியே கொண்டுபோனால் அது இந்தக் கணக்குக்குள் பெரும்பாலும் வராது, ஏனென்றால் அது 'வரவேண்டிய' வரியே இல்லை. ஸ்டார்பக்ஸ் கோப்பிக் கடை 1998இல் இருந்து 300 கோடி பவுண் விற்பனை செய்து, 86 இலட்சம் பவுண் மட்டும் கம்பனி வரி கட்டியது 2012இல் வெளியே வந்தபோது, அது எந்தச் சட்டத்தையும் மீறியிருக்கவில்லை. வாடிக்கையாளர்கள் கொதித்த பிறகுதான் 2 கோடி பவுண் தானாகத் தருவதாகச் சொன்னது. வரி எவ்வளவு என்பதைக் கட்டுகிறவரே யோசித்துச் சொல்கிற வசதி நிவாரணம் எடுக்கிறவருக்கு இல்லை.

வரியைக் கூட்டினால் கம்பனி ஓடிப்போடும். யாழ்ப்பாணத்துக்கு வாறவனும் வரமாட்டான்தானே?

ஓடக்கூடிய தொழில் ஓடும், அது உண்மை. தையல் மெஷினைக் கழற்றி வேறு நாட்டில் பூட்டலாம். ஆனால் காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990இல் நின்றது வரியாலா? அச்சுவேலித் தொழிற்பேட்டை நீண்ட காலம் பாழடைந்து கிடந்தது வரியாலா? கொழும்புத் துறைமுகத்துக்கு 400 கிலோமீட்டர். படித்த பிள்ளைகள் வெளிநாடு போய்விட்டார்கள். வருகிற முதலாளி முதலில் இவற்றைத்தான் கேட்கிறார். வரிவிலக்கு, வர முடிவு செய்தபிறகு கேட்டு வாங்குவது என்பது என் எண்ணம்.

நாடுகள் ஒன்றோடொன்று போட்டிபோட்டு வரியைக் குறைப்பதை நிறுத்த, 2021 ஒக்டோபரில் 136 நாடுகள் குறைந்தபட்சம் 15 சதவீதம் என்று ஒத்துக்கொண்டன. வருடம் 75 கோடி யூரோவுக்கு மேல் புரள்கிற கம்பனிகளுக்கு மட்டும். இலங்கை அன்று சேரவில்லை. கென்யா, நைஜீரியா, பாகிஸ்தானும் வெளியே நின்றன. வளர்முக நாடுகளுக்குப் பங்கு குறைவு என்ற மனக்குறை நியாயமானதுதான். ஆனால் அந்த ஏற்பாட்டில் ஒரு பகிடி இருக்கிறது: நாம் வேண்டாம் என்று விட்ட வரியை, கம்பனியின் தாய்நாடு 15 சதவீதம் வரை வாங்கிக்கொள்ளலாம். நாம் கொடுக்கிற விலக்கு இன்னொரு நாட்டின் திறைசேரிக்குப் போய்ச் சேரும்.

எங்கட கடைக்காரரும் பில் போடுறதில்லைத்தானே. அவையை ஏன் விட்டுட்டுக் கதைக்கிறியள்?

விடவில்லை. முதல் பதிலில் சொன்ன ஏய்ப்பு அதுதான். லண்டன் கணக்கிலும் அதுதான் பெரிய பங்கு. "பில் வேணுமோ, வேண்டாமோ? பில் எண்டா கொஞ்சம் கூட" என்று கேட்டால் வாங்குகிறவரும் பங்காளி. நானும் அப்படி ஓட்டுச் சீற் வாங்கியிருக்கிறேன்.

அப்ப நிவாரணம் எடுக்காத நாங்கள் ஒண்டும் எடுக்கேல்லையோ?

இலவசப் பள்ளிக்கூடமும் இலவச ஆஸ்பத்திரியும் எல்லோருக்கும் பொது, அதை விடுங்கள். அரச ஓய்வூதியம் எங்கிருந்து வருகிறது? விதவைகள் அநாதைகள் நிதிக்கு உத்தியோகத்தர் கழித்துக் கொடுக்கிறார். ஆனால் அவருடைய சொந்த ஓய்வூதியம் ஒவ்வொரு மாதமும் வரிக் காசில் இருந்துதான். உழைத்துப் பெற்ற உரிமை, சந்தேகமே இல்லை. பொதுக் காசு என்பதிலும் சந்தேகம் இல்லை.

வாகனப் பெர்மிட் இன்னொன்று. வைத்தியர்களுக்கும் உயர் உத்தியோகத்தர்களுக்கும் பாராளுமன்ற உறுப்பினர்களுக்கும் தீர்வைச் சலுகையில் கார் எடுக்க அரசு கொடுத்துவந்தது. வாகனம் எடுக்காமல் பெர்மிட்டையே விற்றவர்கள் உண்டு. ஒரு கடதாசிக்குப் பல இலட்சம். அதற்கு யாரும் வீட்டுக்கு வந்து அடுப்பை எண்ணவில்லை, கரண்ட் பில் கேட்கவில்லை.

பிறகேன் எல்லாருக்கும் நிவாரணக்காரரில மட்டும் கோவம் வருது?

கண்ணுக்குத் தெரிகிறது என்பதால்தான் என்று நினைக்கிறேன். அஸ்வெசுமப் பட்டியல் பிரதேச செயலகத்தின் சுவரில், பெயரோடு ஒட்டியிருக்கும். ஊர் முழுக்க வாசிக்கலாம். வரிவிலக்கு பெற்ற கம்பனியின் பெயர் வர்த்தமானியில் இருக்கலாம், ஆனால் அதை யார் சந்தியில் நின்று வாசிக்கிறார்கள்? நண்டுக் கம்பனியின் பில் தீவுக்குப் போனதை ஒழுங்கையில் நின்று பார்க்க முடியாது. பக்கத்து வீட்டில் புது சைக்கிள் நிற்பதைப் பார்க்கலாம்.

இன்னொன்று, படிவம் நிரப்பும்போது உணர்கிறது. அதில் கேள்வி கேட்பது எப்போதும் அரசு, பதில் சொல்வது எப்போதும் ஏழை. எத்தனை அறை, என்ன கூரை, மலசலகூடம் எப்படி. கேட்டுக் கேட்டுப் பழகியதால் ஏழையைக் கேள்வி கேட்பது நம் எல்லோருக்கும் உரிமை போல ஆகிவிட்டது.

இவ்வளவும் கதைக்கிறியள், கடைக்காரருக்கு வரியைக் குறைச்சு எழுதிக் குடுக்கிறதும் நீங்கள்தானே?

நான்தான். கழிக்கக்கூடிய செலவை எல்லாம் தேடித் தேடிக் கழிக்கிறேன். அதற்குத்தான் எனக்குக் காசு. பொய் விற்பனை எழுதச் சொன்னால் மாட்டேன் என்பேன். ஒரு கடை அதனாலேயே என்னை விட்டுப் போனது.

பலகைச் சுவர் போட்ட கடையின் கணக்கு மட்டும் என்னிடம் இன்னும் இருக்கிறது. இரண்டு பெயர், இரண்டு புத்தகம், ஒரே கல்லா. சட்டப்படி சரிதானா என்று மேல் ஆட்களிடம் விசாரித்தேன், ஆளுக்கொரு பதில் சொன்னார்கள். போன மாதம் முதலாளியிடம், இரண்டையும் ஒன்றாக்கி வற்றுக்குப் பதிவோம் என்று சொன்னேன். "பாப்பம் தம்பி" என்றார். அடுத்த சனிக்கிழமை நிலையத்தில் பேப்பரை விரித்துக்கொண்டு, கொட்டிலில் வேறு அடுப்பு வைத்த அந்தத் தாயின் கதையை அவர்தான் எனக்குச் சொன்னார்.